மருத்துவர் உழைப்பை அளக்கலாமா? இராணுவ மருத்துவமனைகள் கற்றுத் தரும் பாடம்

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னிடம், "உனக்கு நல்லா தெரிஞ்ச ஒரு விஷயத்தைப் பத்திப் பேசு, ஆனா பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்று சொன்னார். நான் ஏலாக்குறிச்சிக்காரன். இந்தக் கல்லூரியில் படித்தது மெக்கானிக்கல். வேலை பார்ப்பதோ மருத்துவமனைகளுக்குக் கணினி நிரல் எழுதும் ஒரு கம்பெனியில். லேத்துக்கும் ஸ்டெதஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. "ஒரு டாக்டர் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்தார்?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் கணக்கை இன்று பெரும்பாலும் நம்மைப் போன்ற இன்ஜினியர்கள்தான் எழுதுகிறோம். அந்தக் கணக்கு எங்கே சரியாக வரும், எங்கே தப்பாகப் போகும் என்பதை இராணுவ மருத்துவமனைகளை வைத்துச் சொல்கிறேன். அங்கே இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு கஷ்டமானது.

சிமெண்ட் மூட்டையும் நோயாளியும்

நம் அரியலூர் பக்கம் உற்பத்தித்திறன் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எத்தனை டன் வந்தது, எத்தனை மணி நேரத்தில் வந்தது; இதை அதனால் வகுத்தால் விடை. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சின்னக் கணக்கு சரியாக வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஒரு மூட்டையும் அடுத்த மூட்டையும் ஒன்றே. இரண்டும் ஐம்பது கிலோ. இரண்டாவது, கில்னை நிறுத்தி உள்ளே செங்கல் மாற்றும் நாட்களை எந்த மேனேஜரும் ஆபரேட்டர் தலையில் கட்டுவதில்லை. "ஓடிய மணி" என்று தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்.

மருத்துவமனையில் இந்த இரண்டுமே கிடையாது. சளிக்கு வந்தவரும் ஒரு நோயாளி, நெஞ்சுவலிக்கு வந்தவரும் ஒரு நோயாளி. டாக்டர் ஓ.பி.யில் இருந்த நேரம் எவ்வளவு, வேறு வேலைக்குப் போன நேரம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலான இடங்களில் யாரும் எழுதி வைப்பதும் இல்லை. மேலே உள்ள எண்ணை எல்லோரும் பார்க்கிறோம். கோட்டுக்குக் கீழே இருக்கிற எண்ணை யாரும் பார்ப்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கீழே இருக்கிற எண்ணைப் பற்றித்தான்.

சோழன் எழுதியதும் எழுதாததும்

மருத்துவமனைக் கணக்கு நமக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் வீரராசேந்திரன். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் அவன் காலத்து, அதாவது 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து நடந்த ஆதுலர் சாலையைப் பற்றி அது சொல்கிறது. பதினைந்து படுக்கைகள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் இன்ன கூலி என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு.

இவ்வளவு துல்லியமான கல்வெட்டில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே போவதெல்லாம் எழுதியிருக்கிறது. வெளியே வருவது எழுதவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமாகிப் போனார்கள் என்ற வரி இல்லை. அரசன் கொடுத்ததைச் சொல்லும் சாசனத்தில் அது இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் முடியாது.

இதற்கு நேர் எதிர் எங்கள் ஏலாக்குறிச்சிக் கதை. அரியலூரை ஆண்ட மழவராயருக்கு ராஜபிளவை வந்து எந்த வைத்தியத்துக்கும் அடங்கவில்லை. எங்கள் ஊரில் இருந்த வீரமாமுனிவர் அதைக் குணப்படுத்தினார். மன்னர் மகிழ்ந்து அடைக்கல மாதா கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்பது எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. கணக்குக் கண்ணோடு பார்த்தால், அங்கே முனிவர் எத்தனை மணி நேரம் உழைத்தார், எத்தனை பேரைப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே நோயாளி, ஒரே பலன், அதற்கு நிலம்.

உள்ளே போனதை மட்டும் எழுதுவது ஒரு முறை. வெளியே வந்ததை மட்டும் பார்ப்பது இன்னொரு முறை. இரண்டையும் ஒரு கோட்டின் மேலும் கீழும் வைத்துப் பார்க்கும் பழக்கம் பெரிய அளவில் ஆரம்பித்தது ஒரு இராணுவ மருத்துவமனையில்.

நைட்டிங்கேல் அம்மையாரின் கணக்கு நோட்டு

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நமக்கு விளக்கேந்திய மாதுதான் ஞாபகம் வரும். அவர் கையில் விளக்கோடு கணக்கு நோட்டும் இருந்தது. 1854 நவம்பரில் கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைப் பார்க்கத் துருக்கியில் உள்ள ஸ்கூட்டரி இராணுவ மருத்துவமனைக்குப் போனார். 1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சைக்கு வந்த நூறு பேரில் 42.7 பேர் இறந்தார்கள் என்பது அவர் பின்னால் வெளியிட்ட கணக்கு. அதே ஆண்டு ஜூனில் அது 2.2 ஆக இறங்கியது.

நான்கே மாதத்தில் டாக்டர்கள் இருபது மடங்கு கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்களா? இல்லை. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்தார்கள்; காற்று வர வழி செய்தார்கள்; குடிநீரைக் கவனித்தார்கள். அந்தக் குழுவில் ராபர்ட் ராலின்சன் என்று ஒருவர் இருந்தார். அவர் சிவில் இன்ஜினியர். சிவில் பிரிவு தம்பிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஆக, மருத்துவமனையின் பலன் முழுவதையும் மருத்துவரின் கணக்கில் எழுதக் கூடாது, நல்லதையும் சரி, கெட்டதையும் சரி. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் சுவையானது. 1863-இல் வந்த தன் மருத்துவமனைக் குறிப்புகள் நூலின் பதிப்பில், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரின் கணக்கை நைட்டிங்கேல் சேர்த்தார். 1861-இல் லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறந்தவர்கள் 3,828 பேர். அதை 4,214 ஆல் வகுத்தார்கள். வந்த விடை நூற்றுக்கு 90.84. லண்டன் டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். நூறு பேரில் தொண்ணூறு பேரை நாங்கள் சாகவிடுகிறோமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏனென்றால் 4,214 என்பது ஆண்டு முழுவதும் வந்த நோயாளிகள் அல்ல. 1861 ஏப்ரல் 8 அன்று, ஒரே நாளில், படுக்கையில் இருந்தவர்கள். ஆண்டு முழுவதும் சிகிச்சை பெற்ற எல்லோராலும் வகுத்தால் விடை பத்தில் ஒரு பங்கை ஒட்டியே வரும்.

இறந்தவர்கள் அதே 3,828 பேர்தான். மேலே உள்ள எண்ணில் ஒரு ஆள் கூடவில்லை, குறையவில்லை. கீழே உள்ள எண்ணை மாற்றியதும் மருத்துவமனை ஒரு கணக்கில் இடுகாடு ஆகிறது, இன்னொரு கணக்கில் சாதாரண மருத்துவமனை ஆகிறது. தம்பிகளா, நாளைக்கு உங்கள் கையில் ஒரு சதவீதம் கிடைத்தால், முதலில் "எதால் வகுத்தது?" என்று கேளுங்கள்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863-இல் வெளிவந்த அரச ஆணையத்தின் அறிக்கை சொன்னது. பத்து ஆண்டுகள் கழித்து அது 18 ஆகக் குறைந்ததாக நைட்டிங்கேல் எழுதினார். இங்கே வகுத்தது பட்டாளத்தின் மொத்த ஆள் எண்ணிக்கையால். அதனால்தான் அந்த எண் மருத்துவமனைச் சுவரைத் தாண்டி, முகாமின் கிணற்றையும் கக்கூஸையும் பற்றிப் பேசியது.

எடை போட்டுப் பார்த்தல்

இனி நம் காலத்துக்கு வருவோம். சென்னையிலும் திருச்சியிலும் மெடிக்கல் கோடிங் வேலையில் நம் மாணவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து ஐந்து இலக்க எண் ஒன்றைப் போடுகிறீர்கள். அந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு எடை இருக்கிறது. அதைச் சுருக்கமாக ஆர்.வி.யூ. என்பார்கள். ஒரு சிகிச்சையை இன்னொரு சிகிச்சையோடு ஒப்பிட்டுப் போடும் எடைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1980-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் சியாவ் என்பவர் தலைமையில் இதை உருவாக்கினார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு மூளை உழைப்பு, எவ்வளவு கைத்திறன், எவ்வளவு மன அழுத்தம் என்று டாக்டர்களிடமே கேட்டு, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு எடை போட்டார்கள். 1992 ஜனவரியிலிருந்து அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் டாக்டர் கட்டணமே இதன்படி ஆனது. தலையை எண்ணுவதை விட்டுவிட்டு எடையைக் கூட்டலாம். சளி நோயாளியும் நெஞ்சுவலி நோயாளியும் ஒன்றல்ல என்ற குறைக்கு இது நல்ல மருந்து.

ஆனால் மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. ஏற்கனவே தெரிந்த நோயாளி சாதாரணமாக வந்து டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு வகைக்கு எடை 0.97 ஆக இருந்தது. 2021-இல் அதை 1.30 ஆக்கினார்கள். நெடுங்காலமாகக் குறைவாக மதிக்கப்பட்ட வேலைக்கு உரிய மதிப்புக் கொடுத்தார்கள், தப்பில்லை. ஆனால் 2020-இல் பார்த்த அதே நோயாளிகளை 2021-இலும் அதே மாதிரி பார்த்த டாக்டருக்கு, அந்த வேலையில் உற்பத்தித்திறன் 34 சதவீதம் கூடிவிட்டதாகக் கணினி காட்டும். டாக்டர் மாறவில்லை, எடைக்கல் மாறியது. வரைபடத்தில் கோடு ஏறினால் கை தட்டுவதற்கு முன்னால் எடைக்கல்லைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வேலை, ஒரே ஆள்

இப்போது இராணுவ மருத்துவமனைக்குள் போவோம். நம் இராணுவ மருத்துவப் படை 1943 ஏப்ரல் 3-ஆம் தேதி உருவானது. தமிழ்நாட்டில் சென்னையிலும் நீலகிரி வெலிங்டனிலும் இராணுவ மருத்துவமனைகள் இருக்கின்றன. பட்டாளத்துக்காரர்கள் சுருக்கமாக எம்.எச். என்பார்கள்.

என் சித்தப்பா ஒருவர் அந்தப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எம்.எச்.சில் ஒரு டாக்டருடைய நாள் எப்படிப் போகும் என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"காலையில ஓ.பி. பாத்துக்கிட்டு இருப்பாரு தம்பி. பாதியில மெடிக்கல் போர்டுன்னு கூப்பிடுவாங்க. கால் உடைஞ்சு தேறி வந்த ஜவானுக்கு எந்தக் கேட்டகிரின்னு அங்க முடிவு பண்ணணும். அப்புறம் ஒரு யூனிட்டுக்கு வருஷாந்திர மெடிக்கல். அடுத்த நாள் ஃபயரிங் ரேஞ்சுல ஆம்புலன்ஸோட போயி சும்மா உக்காந்திருக்கணும். சும்மான்னா சும்மா இல்ல, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவருதான். எக்சர்சைஸ் வந்தா பத்து நாள் கூடாரத்துல. திரும்பி வந்தா ராத்திரி டூட்டி. இதுல எத்தனை பேஷண்ட் பாத்தேன்னு கேட்டா அவரு என்ன சொல்லுவாரு?"

இந்தக் கேள்விதான் பிரச்சினையின் மையம். சிவில் ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு வேலை, வந்தவரைக் குணப்படுத்துவது. இராணுவ டாக்டருக்கு இரண்டு வேலை. வந்தவரைக் குணப்படுத்துவது, இன்னும் வராத காயத்துக்குத் தயாராக இருப்பது. 1999-இல் கார்கில் போர் நடந்தபோது ஸ்ரீநகரின் 92-ஆவது பேஸ் ஆஸ்பத்திரிக்குக் காயம்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். அப்படி ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் படுக்கையும் ஆளும் கூடுதலாக வைக்கப்படுகின்றன. அமைதியான ஒரு மாதத்தில் போய் எண்ணிவிட்டு "இங்கே ஆள் அதிகம், வேலை குறைவு" என்று எழுதுகிறவர், மழை பெய்யாத மாதத்தில் குடை தண்டச் செலவு என்று எழுதுகிறவர்.

ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். மாதத்துக்கு 168 மணி நேர வேலை. முதல் டாக்டர் 168 மணியும் ஓ.பி.யில் இருந்து 840 பேரைப் பார்த்தார். இரண்டாவது டாக்டருக்கு மெடிக்கல் போர்டில் 20 மணி, வருஷாந்திரப் பரிசோதனையில் 18, களப் பயிற்சியில் 16, வகுப்பில் 9. மொத்தம் 63 மணி போய்விட்டது. மீதி 105 மணியில் 525 பேரைப் பார்த்தார். தலைக்கணக்கில் முதல்வர் 840, இரண்டாமவர் 525. இரண்டாமவருக்கு மெமோ நிச்சயம். ஆனால் நோயாளிக்காகக் கிடைத்த மணியால் வகுத்துப் பாருங்கள். இருவரும் மணிக்கு ஐந்து பேர். அணுவளவும் வித்தியாசம் இல்லை.

168 என்ற எண்ணை நானாகப் போடவில்லை. அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் ஒரு முழுநேர ஆளுக்கு மாதம் 168 மணி என்றுதான் கணக்கு. அவர்களுடைய செலவு, செயல்திறன் அறிக்கை முறையில் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு எழுத்தின் கீழ் எழுத வேண்டும். உள்நோயாளி என்றால் 'ஏ', வெளிநோயாளி என்றால் 'பி', பல் மருத்துவம் 'சி', இப்படிப் போய்க் கடைசியில் போர் ஆயத்தத்துக்கு 'ஜி'. களப் பயிற்சிக்குப் போன நேரம் 'ஜி'க்குப் போய்விடும், ஓ.பி. கணக்கின் கோட்டுக்குக் கீழே வராது. சிமெண்ட் ஆலையின் "ஓடிய மணி" கணக்கேதான் இது.

இங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. என் கற்பனைக் கணக்கின் இரண்டாவது டாக்டர் 63 மணிக்குப் பதிலாக 84 மணியை "ஆயத்தம்" என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? மீதி 84 மணி, 525 பேர், மணிக்கு 6.25. ஒரு நோயாளியைக்கூடக் கூடுதலாகப் பார்க்காமல் அவர் உற்பத்தித்திறன் 25 சதவீதம் ஏறிவிட்டது. ஆகவே மேலே உள்ள எண்ணைச் சரிபார்க்கும் அதே கண்டிப்போடு கீழே உள்ள எண்ணையும் சரிபார்க்க வேண்டும். போர்டு நடந்த தேதி, யூனிட் பரிசோதனைப் பதிவு, பயிற்சி ஆணை இவற்றோடு மணிக்கணக்கு ஒத்துப் போகிறதா என்று பார்த்தாலே பாதிப் பொய் போய்விடும்.

எண்ணிக்கைக்கு இராணுவத்தில் இன்னொரு அர்த்தமும் உண்டு. சர்ஜன் கை பழக்கத்தில் இருக்க வேண்டும். முகாம் மருத்துவமனையில் பெரும்பாலும் இளம் சிப்பாய்கள், அவர்கள் குடும்பங்கள். பெரிய அறுவைச் சிகிச்சை அபூர்வம். அங்கேயே வருடக்கணக்கில் இருக்கும் சர்ஜன் போர்முனைக்குப் போனால் கை தடுமாறும். அதனால் அமெரிக்க இராணுவத்தில் இப்போது ஒரு சர்ஜன் செய்த அறுவைகளை, போர்க்காயச் சிகிச்சைக்கு அவை எவ்வளவு தூரம் பயிற்சியாகும் என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். இங்கே குறைந்த எண்ணிக்கை என்பது சோம்பலுக்கு அடையாளமாகப் பார்க்கப்படுவதில்லை. ஆபத்துக்கு முன்னறிவிப்பாகப் பார்க்கப்படுகிறது. அந்த சர்ஜனுக்குத் தண்டனை கொடுத்துப் பயனில்லை. வேலை அதிகமுள்ள மருத்துவமனைக்குக் கொஞ்ச நாள் அனுப்ப வேண்டும். ஒரே எண், எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

வரிசையில் நிற்பவரின் கணக்கு

இதுவரை டாக்டர் பக்கமே பேசிவிட்டேன். பெஞ்சில் காத்திருப்பவர் பக்கம் வருகிறேன்.

2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் தொடங்கியது. பணி ஓய்வு பெற்றவர்களும் குடும்பத்தாரும் பாலிகிளினிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவசியமானால் அங்கிருந்து எம்.எச்.சுக்கோ பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். நல்ல திட்டம். கிராமத்தில் கிடக்கும் எத்தனையோ பழைய சிப்பாய்களுக்கு அதுதான் ஆதாரம்.

என் சித்தப்பா தனக்கென்று பாலிகிளினிக்குப் போவது அபூர்வம். சித்திக்குச் சர்க்கரை. மாதம் ஒரு தடவை அவர்கள் இருவரும் ஏலாக்குறிச்சியில் விடியற்காலை பஸ் ஏறி, திருமானூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போவார்கள். டோக்கன், பெஞ்சு, டாக்டரிடம் மூன்று நிமிஷம், பிறகு மருந்துக்கு ஒரு வரிசை. ஒரு தடவை நானும் கூடப் போனேன். ஜன்னலில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு மாத்திரை ஸ்டாக் இல்லம்மா, வியாழக்கிழமை வாங்க" என்றார். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வாப்பா, மூணு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் இருட்டிடும்" என்றார்.

வியாழக்கிழமை மறுபடியும் போனார்கள். இதை ரிஜிஸ்டரில் எப்படி எழுதுவார்கள்? திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. மொத்தம் இரண்டு வருகை. ஒரு மாத்திரை இல்லாமல் போனதால் அந்தக் கிளினிக்கின் உற்பத்தித்திறன் இரண்டு மடங்கு ஆகிவிட்டது! எங்கள் வீட்டில் இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் போனது. அந்தக் கணக்கு எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

காத்திருப்பதற்கு ஒரு கணிதம் உண்டு. வரிசைக் கோட்பாடு நமக்குப் பாடத்திலேயே இருந்தது. அப்போது தேர்வுக்காகப் படித்தோம். ஒரே டாக்டர். நோயாளிகள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். ஒருவருக்கு அதிக நேரம், ஒருவருக்குக் குறைந்த நேரம். சராசரி ஆறு நிமிஷம். டாக்டர் தன் நேரத்தில் பாதி மட்டும் வேலையாக இருந்தால், நோயாளி சராசரியாகக் காத்திருப்பது 6 நிமிஷம். 80 சதவீதம் வேலையாக இருந்தால் 24 நிமிஷம். 90 சதவீதம் என்றால் 54 நிமிஷம். 95 சதவீதம் என்றால் 114 நிமிஷம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்.

90-இலிருந்து 95-க்குப் போனதில் டாக்டரிடம் கூடுதலாகக் கறந்தது ஐந்து சதவீதம். காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல். டாக்டர் கொஞ்சம் சும்மா இருப்பது போல் தெரிகிற அந்த நேரம் உண்மையில் நோயாளியின் கையில் மிஞ்சுகிற நேரம். முழுக்க முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம் ஆலைக்கு அழகு. மருத்துவமனைக்கு அது அழகல்ல. அதிலும் திடீரென்று இருபது பேர் வந்து இறங்கக்கூடிய மருத்துவமனைக்கு ஆகவே ஆகாது.

பலன் எங்கே?

எண்ணினோம், எடை போட்டோம், நேரத்தால் வகுத்தோம். இன்னும் ஒன்று பாக்கி. ஆள் குணமானாரா?

பாஸ்டன் நகரத்தில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சை முடிந்த பிறகும் தொடர்ந்து விசாரித்து, இறுதிப் பலன் என்ன என்று எழுத வேண்டும் என்றார். பெரிய மருத்துவமனைகள் காது கொடுக்கவில்லை. தன் சொந்த மருத்துவமனையில் அவரே செய்து காட்டினார். 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகள், 123 தவறுகள். இதை அச்சடித்து வெளியிட்டார். அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்தது வசவுதான். இன்றைக்கு மருத்துவத் தர அளவீட்டின் முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

வேகத்தை மட்டும் அளந்தால் வேகம் மட்டும்தான் கிடைக்கும். மூன்று நிமிஷத்தில் ஆளை அனுப்புகிற டாக்டருக்கு முதல் பரிசு என்றால், எல்லோரும் மூன்று நிமிஷத்தில் அனுப்புவார்கள். கஷ்டமான நோயாளியை அடுத்த அறைக்குத் தள்ளிவிடுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல; நாம் வைத்த தராசு அப்படி.

தம்பி தங்கைகளுக்கு

2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நம் பக்கத்து மருத்துவமனைகளின் ரிஜிஸ்டர்கள் ஒவ்வொன்றாகக் கணினிக்குப் போகின்றன. அந்த நிரல்களை எழுதப் போகிறவர்களில் நீங்களும் இருப்பீர்கள். "டாக்டர் வாரியாக ஒரு அறிக்கை வேண்டும்" என்று ஒரு அதிகாரி கேட்பார். ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். கொடுப்பதற்கு முன்னால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, எதால் வகுக்கிறோம்? அந்த டாக்டர் நோயாளிக்காக உண்மையில் இருந்த மணி நேரம் எங்கே பதிவாகிறது? பதிவாகவில்லை என்றால் முதலில் அதற்கு ஒரு கட்டம் போடுங்கள்.

இரண்டு, ஒரு தலையை ஒரு தலையோடு ஒப்பிடுகிறோமா? நம் ஊருக்கு அமெரிக்க எடைக்கல் பொருந்தாமல் போகலாம். புதிய நோயாளி, பழைய நோயாளி, அவசரம், சிறு அறுவை என்று நான்கு வகையாகப் பிரித்தாலே பாதி அநியாயம் குறையும்.

மூன்று, மறுவருகையைத் தனியாகக் காட்டுகிறோமா? மருந்து இல்லாமல் திரும்பி வந்தவரை வேலைக்கணக்கில் சேர்க்காதீர்கள், குறைக்கணக்கில் சேருங்கள். டோக்கன் வாங்கிய நேரம், டாக்டரைப் பார்த்த நேரம், மருந்து கையில் வந்த நேரம் இந்த மூன்றையும் பதிவு செய்தால், நோயாளியின் நாள் எங்கே போகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நான்கு, இந்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறார்கள்? ஆள் இல்லாத இடத்துக்கு ஆள் போடவா, கை பழக்கம் இல்லாத சர்ஜனுக்குப் பயிற்சி கொடுக்கவா, இல்லை மெமோ கொடுக்கவா? மெமோவுக்கு என்றால், அடுத்த மாதத்திலிருந்து அந்த எண் உண்மையைச் சொல்லாது என்பதை அதிகாரியிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

அளக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காத இடத்தில் சத்தம் போடுகிறவருக்குத்தான் டாக்டரும் மருந்தும் கிடைக்கும். சித்தி மாதிரி ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களைக் கணக்கில் கொண்டு வர அளவு ஒன்றுதான் வழி. அதனால் அளக்க வேண்டும். நேர்மையாக அளக்க வேண்டும். கோட்டுக்கு மேலும் கீழும் ஒரே கண்ணோடு பார்த்து அளக்க வேண்டும்.

இந்தக் கல்லூரியில் எனக்கு வகுத்தல் கணக்கில் முதலில் கீழே இருப்பது பூஜ்ஜியமா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அது பூஜ்ஜியம் இல்லாவிட்டாலும், உண்மையா என்று பாருங்கள்.